நாலு டிகிரித் தண்ணி

இல்ல மேடம், ஆக்ஸிஜன்னு எழுதாதீங்க. சிலிண்டர்ல கீறது சாதா காத்து. அத வாயில கடிச்சிகினு மூச்சு வுடறோம் பாருங்க, அதுக்குப் பேரு ரெகுலேட்டர். என் தம்பி சேவியர்ராஜ் செத்தது அதாலதான். முன்ன விசாரிக்க வந்த ஆளு மூச்சுத்திணறல்னு எழுதிகினு போயிட்டாரு. இன்னா பெரிய கண்டுபிடிப்பு! தண்ணியில செத்தவன் வேற எதால சாவான்?

பதினோரு வருசம் ரெண்டு பேரும் இந்தப் பாண்டி கடல்லதான் முங்கனோம். படகு அடி சுரண்டறது, சிக்குன வலைய அறுக்கறது. இங்க தண்ணி வெந்நி மாதிரி, பிளாஸ்டிக் ரெகுலேட்டரே போதும். லேசா இருக்கும், தாடை வலிக்காது. போன ஜனவரியில இமாச்சல்ல டேம் கதவு பாக்கணும்னு எங்க கம்பெனி ஓனர் இட்டுகினு போனான். அங்க தண்ணி நாலு டிகிரி.

அதுல இன்னா வித்தியாசமா? சிலிண்டர்லேர்ந்து காத்து பாய்ஞ்சி வரும்போது ஐஸ்ஸு மாதிரி ஆயிடும் மேடம். மெட்டலுன்னா சுத்திக் கீற தண்ணியோட சூட்ட உள்ள இழுத்துக் குடுக்கும். ஆமா, நாலு டிகிரியும் அதுக்கு சூடுதான். பிளாஸ்டிக் அத உள்ள வுடாது. நம்ம மூச்சு ஈரம் உள்ளயே உறைஞ்சி, வால்வு தொறந்தது தொறந்தபடி நின்னுடும். காத்து பீச்சிகினே போவும். ஒரு மணி நேரத்துக் காத்து, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள காலி.

சொன்னேனே! கெளம்பறதுக்கு முன்னயே ஓனர்கிட்ட தலையால அடிச்சிகினு சொன்னேன், குளிருக்கு மெட்டலு வேணும்னு. புதுசு, பொட்டி கூட பிரிக்கல, இதுக்கு இன்னா கொறைச்சல்னான். அவனுக்கு இன்னா, அவனா எறங்கப் போறான்? ஹீட்டர் போட்டுகினு வேன்ல குந்திகினு இருந்தான்.

நானா? கூடதான் எறங்கனேன். கதவுக்கு அந்தாண்ட இருந்தேன். தண்ணியே கொதிக்கற மாதிரி குமிழி பொங்கிச்சி. நான் போயி சேர்றதுக்குள்ள பயந்துகினு மேல பாய்ஞ்சிட்டான். முப்பது மீட்டரு. அவ்ளோ வேகமா ஏறுனா நுரையீரல் கிழிஞ்சிடும்னு அவனுக்குத் தெரியாதா? காத்து இல்லாதவனுக்கு எது ஞாபகம் வரும் சொல்லுங்க. நான் மேல வந்தப்ப மூக்குல ரத்தம், அவ்ளோதான்.

எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆவல.

கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம். அவன் பொண்டாட்டி செலின் உள்ள கீது.

என்து மெட்டலு. பழைய செட்டுல மிஞ்சனது, ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சி. காலைல சேவியர் வந்து கேட்டான். அண்ணா, நேத்தே எனக்கு லேசா பீச்சிச்சி, இன்னிக்கி அத எனக்குக் குடேன்னு. உனக்கு வயசு கீதுடா, நீ தாங்குவேன்னு சொல்லிட்டு, நானே எடுத்து வாயில வச்சிகினேன்.