அச்சுல வரணும் தம்பி

இல்ல தம்பி, பயலுவ சிரிச்சதுக்கு நான் ஒண்ணும் நினைக்கல. பதினொண்ணாங் கிளாஸ் பயலுவ, சிரிக்கத்தான் செய்வானுவ. சிரிச்சு முடிச்சிட்டு ஒருத்தன் எந்திச்சு, சார் இது எந்த ஊருத் தமிழுன்னு கேட்டான் பாருங்க, அது நியாயமான கேள்வி. உங்க புஸ்தகத்துல போட்டிருக்கிய, துயில்நிலை விந்து வெளியேற்றம்னு! நான் உயிரியல் வாத்தியாரு, எனக்கே ரெண்டு தடவை வாசிச்சாத்தான் பிடிபடுது.

கோவிச்சுக்கிடாதிய. பயலுவளுக்கு இந்த வயசுப் பாடம் நடத்த மெட்ராஸ்ல இருந்து இந்த வெயில்ல ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வந்திருக்கிய, நல்ல மனசுதான். ஆனா படத்துல என்னத்தக் காட்டுதிய? வெளிநாட்டுல போட்ட பொம்மைப் படம். பேரை மாத்தி, சட்டைய மாத்தி, நெத்தியில விபூதியப் பூசி விட்டாச்சு. படத்துல வார பய சாப்பாட்டு மேசையில உக்காந்து, அப்பா எனக்கொரு சந்தேகம்ங்கான். அப்பனும் சிரிச்சிக்கிட்டே, கேளுப்பாங்கான். எங்க ஊருல அப்பன் முன்வாசல்ல செருப்பக் கழட்டுத சத்தம் கேட்டா மகன் புறவாசல் வழியா வெளிய போயிருவான், தெரியுமா?

ஆமா, எல்லாம் இருக்கு. ஆணுறை இருக்கு, நோயி இருக்கு, பொம்பளப் பிள்ளையளுக்கு மரியாதை குடுக்கணும்னு இருக்கு. வேண்டாம்னா சொல்லுதேன்? எல்லாம் வேணும். ஆனா இங்கன உள்ள பயலுக்கு இருக்க பயம் அதுல எங்க இருக்கு?

சுடலைக்கண்ணுன்னு ஒரு பய, நம்ம ஸ்கூல்தான். அப்பன் வாழைத்தார் சுமக்கவரு. இவன் கபடிக்கு நின்னான்னா எதிராளி கோட்டைத் தாண்டவே யோசிப்பான். அப்படிப்பட்டவன் திடீர்னு விளையாட வாரதில்ல. பைய ஓரமாப் போயி உக்காந்துக்கிடுவான். கண்ணு உள்ள போயிட்டு, சோறு இறங்கல. என்னன்னா, தூக்கத்துல கைலி நனைஞ்சிருக்கு. அம்புட்டுத்தான். அந்த வயசுல எல்லாப் பயலுக்கும் உள்ளது. ஆனா யார்ட்டப் போயிச் சொல்லுவான்? பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒட்டியிருக்க நோட்டீசைப் பாத்திருக்கான். வாலிபம் வீணாகிறதா, நரம்புத் தளர்ச்சியா, லாட்ஜுக்கு வாங்கன்னு. போயிட்டான்.

அங்கன வைத்தியரு நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, ஒரு சொட்டு போனா ஒரு படி ரத்தம் போன மாதிரி, உனக்கு முதுகுத்தண்டு வத்திட்டு, இப்படியே விட்டா நீ கல்யாணத்துக்கு லாயக்கில்லன்னு சொல்லி, ஒரு லேகியத்தைக் குடுத்திருக்காரு. இவன் வீட்டுக்குத் தெரியாம அதைத் தின்னு தின்னு, மஞ்சக்காமாலை கண்டு, கல்லீரல் கெட்டு, கடைசில பெரியாஸ்பத்திரியில கொண்டு போட்டாச்சு.

நான் போயிப் பாத்தேன். கண்ணு ரெண்டும் மஞ்சத்தண்ணி கணக்கா கிடக்கு. அவங்க அம்மை வெந்நீர் வாங்க அங்கிட்டுப் போனதும் என் கையப் பிடிச்சிக்கிட்டு, சார் நான் ஆம்பளதானங்கான். ஏலே, உனக்கு ஒண்ணுமே இல்லலே, உன் வயசுல எனக்கும் வந்துது, உடம்பு தானா வெளிய தள்ளுததுலே, அதுல ஒரு சத்தும் போகாதுன்னு சொன்னேன். அதுவரை மேல மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடந்தவன் மூஞ்சியத் தலகாணில அமுக்கிக்கிட்டு அழுதான் பாத்துக்கிடுங்க. இதைச் சொல்ல எம்புட்டு நேரம் ஆச்சு? இந்த ரெண்டு வார்த்தை கிடைக்காமத்தான் ஒரு பய ஆஸ்பத்திரில கிடந்தான்.

ஆங், பிழைச்சிட்டான். ஆனா ஸ்கூலுக்குத் திரும்பி வரல. திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போயிட்டான்.

அதான் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், இந்தப் பயத்துக்குன்னு ஒரு பக்கம் சேருங்கன்னு. மேல உள்ள வெளிநாட்டுக்காரங்க ஒத்துக்கிட மாட்டாங்களா? அவங்க ஊருல இந்தப் பயம் கிடையாது, அதனால பாடத்துலயும் கிடையாது. இங்கன உண்டே தம்பி!

நானே வகுப்புல சொல்லிக்கிடலாம்ங்கியளா? சொல்லாம இருப்பனா? வருசா வருசம் சொல்லத்தான் செய்யுதேன். ஒரு பயலும் நம்ப மாட்டேங்கான்.

ஏன்னா, அந்த வைத்தியரு என் கூடப்பொறந்த அண்ணன். வைத்தியம் பாக்கத்தான் லாட்ஜு, குடியிருக்கது ஒரே வீடுதான், அவன் மாடியில, நான் கீழ. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. நான் என்ன சொன்னாலும் அண்ணன் தம்பி சண்டைங்கானுவ. அதுக்குத்தான் உங்க புஸ்தகத்துல அச்சுல வரணுங்கேன், என் வாயில இருந்து வரக்கூடாதுன்னு.

அன்னைக்கு சுடலைக்கண்ணும் அழுது முடிச்சிட்டு அதைத்தான் கேட்டான். பின்ன ஏன் சார் உங்க அண்ணாச்சி அப்படிச் சொன்னாங்க, சார் வீட்டு ஆளுன்னு நம்பித்தான போனேன்னான்.