வெட்டி எறிந்த கடைசிப் பத்தி

மேடையில் வீற்றிருக்கும் ஆசிரியர் அவர்களே, விளம்பரப் பிரிவின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் மகளே, பதினேழு ஆண்டுகளாக அண்ணனின் எழுத்தைப் படித்துவந்ததாக நம்பிக்கொண்டிருக்கும் வாசகப் பெருமக்களே, வணக்கம்.

நம்பிக்கொண்டிருக்கும் என்றேன். வாய்தவறிச் சொல்லவில்லை.

நான் இந்த வார இதழின் பக்க வடிவமைப்பாளன். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ‘அண்மையில் ரசித்தவை’ பகுதியை எழுதிய அந்தப் பெருமகன் மறைந்து இன்றோடு பதினோரு நாள். அவரை நம் அலுவலகத்தில் என்னவென்று அழைத்தோம்? ‘சபாஷ்’ என்று அழைத்தோம். எந்த நாவலைக் கொடுத்தாலும், எந்தப் படத்தைக் காட்டினாலும் சபாஷ் போட்டுவிடுவார் என்று சிரித்தோம். சற்று முன் இங்கே பேசியவர்கூட, யார் மனத்தையும் நோகடிக்காத பேனா என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அண்ணி கைதட்டவில்லை.

அண்ணன் எப்படி உழைத்தார் தெரியுமா? நாவலென்றால் இரண்டு முறை படிப்பார். தொலைக்காட்சித் தொடரென்றால், மாமியார் எந்த வாரம் திருந்தினாள், எந்த வாரம் மறுபடி கெட்டாள் என்று நோட்டில் குறித்துவைப்பார். திரையரங்கில் பெயர்கள் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் எழுவார். துடைப்பத்தோடு காத்திருந்த அம்மா ஒருநாள் படம் முடிந்துவிட்டது என்று சொல்ல, “இருங்கம்மா, மேளம் வாசிச்சது யாருன்னு இன்னும் வரல” என்றாராம். அவரா கண்ணை மூடிக்கொண்டு சபாஷ் போட்டவர்?

இதோ, உண்மையைச் சொல்கிறேன். ரசித்ததை முதலில் சொல்வார். குறையைக் கடைசிப் பத்தியில் சொல்வார். இடம் போதாவிட்டால் பக்கத்தைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். விளம்பரம் வராத வாரம் உண்டா? ஆகவே வாரம் தவறாமல் வெட்டினோம். வெட்டினோம் என்ன, வெட்டினேன். நான்தான் வெட்டினேன்.

ஒருமுறை ஓர் இயக்குநர் பூங்கொத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். தன் படத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என்று அண்ணனைக் கட்டிப்பிடித்தார். மனைவியை அடித்த கணவன் கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதும் அவள் மன்னித்துவிடுவதாக எடுத்திருக்கிறீர்களே, அது பொய், அடி வாங்கிய எந்தப் பெண்ணும் இதை நம்ப மாட்டாள் என்று அண்ணன் எழுதிய பத்தி, குக்கர் விளம்பரத்துக்கு இடம்விட்டு ஒதுங்கியிருந்தது. அண்ணன் பூங்கொத்தை வாங்கிக்கொண்டார். இயக்குநர் போன பிறகு அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, அடுத்த வாரமாவது அந்த நாலு வரிய விட்டுவைங்க.”

குறையை முன்னால் எழுதிவிட்டால் தப்பிக்குமே என்று நான் யோசனை சொன்னேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

“ரசிக்கத் தெரியாதவன் குறை சொன்னா எவன் கேப்பான்?” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தினாரா? இல்லை. அச்சில் வராது என்று தெரிந்தே வாரவாரம் அந்தப் பத்தியை எழுதினார். இங்கே கண் கலங்குகிற நம்மில் ஒருவராவது, என்னய்யா உங்கள் கட்டுரை பாதியில் நிற்கிறதே என்று கேட்டோமா? பட்டப்பெயர் வைக்க மட்டும் நேரம் இருந்தது.

இப்போது அச்சில் வந்ததை அப்படியே தொகுத்து, ‘சபாஷ்’ என்ற பெயரில் புத்தகம் போடுவதாக ஆசிரியர் அறிவித்திருக்கிறார். பக்கம் அமைக்கப்போவது நான்தானாம். ஐயா, மன்னிக்க வேண்டும். செத்த பிறகும் அவரை ஜால்ராவாக நிறுத்த என்னால் முடியாது. அவர் கையால் எழுதிய முப்பத்தோரு நோட்டுகளை மகள் என்னிடம் கொடுத்திருக்கிறார். அவற்றில் உள்ளபடி, கடைசிப் பத்திகளோடு, புத்தகம் வரும். நீங்கள் போடாவிட்டால் நான் போடுவேன். இது அண்ணியின் முன்னால் நான் தரும் வாக்கு.

கூட்டத் தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டது, கடைசிப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளவும் என்று எழுதியிருக்கிறது.

சுருக்க மாட்டேன். மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு நாவலைப் பற்றி அவர் எழுதிய கடைசிக் கட்டுரை இது. அதன் கடைசிப் பத்தியைப் படிக்கிறேன்:

“இவ்வளவு நன்றாக எழுதிவந்தவர், கதையை முடிக்க வழி தெரியாமல் அந்தக் கிழவரைக் கொன்றிருக்க வேண்டாம். சாவு ஒரு முடிவே அல்ல, எழுத்தாளரின் சோம்பேறித்தனம். இதுவும் அச்சில் வரப்போவதில்லை. பரவாயில்லை. வெட்டப்போகிற தம்பிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஊரில் ஒருவரும் படிக்காத இந்தப் பத்தியை நீங்கள் ஒருவர்தான் பார்க்கிறீர்கள். படித்துவிட்டு வெட்டுங்கள்.”

நான் படிக்கவில்லை, அண்ணி. எட்டு வரி அதிகமாக இருந்தது. எண்ணிப் பார்த்து வெட்டினேன்.