தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு டம்ளர் தண்ணீர்

நீங்கள் கொடுக்கும் தண்ணீரை வேண்டாம் என்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். வெளியே எங்கே போனாலும் இந்தப் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கையோடு எடுத்துப்போவது என் பழக்கம். கல்லூரியில் இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் பாலைவனமா இருக்கிறது என்று என் மனைவி கேலி செய்வாள்.

மாணவர் நடத்தை விதிகளைப் பல்கலைக்கழகம் திருத்தப்போகிறது, பழைய ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்காரர்களின் அனுபவம் வேண்டும் என்று சொன்னீர்கள். போகிற போக்கில் சொல்வதுபோல, ஜெயவேலு விஷயத்தையும் சொல்லுங்கள் என்றீர்கள். அதற்காகத்தான் என்னை வரவழைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாத அளவுக்கு எனக்கு வயதாகிவிடவில்லை. எண்பத்தேழில் நடந்ததைத் தொண்ணூற்றாறில் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். கேளுங்கள். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

எங்களுடையது தாம்பரம் தாண்டி இருந்த அரசுக் கல்லூரி. நான் வேதியியல் பேராசிரியர். யாரும் கைதூக்காததால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்துப் பையன்கள் எதற்கெடுத்தாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸை மறித்து உட்கார்ந்துவிடுவார்கள். லத்தியடி, மண்டை உடைப்பு, பிறகு காலவரையற்ற விடுமுறை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் நான். கல்லூரி முதல்வரிடம் மன்றாடி, ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியைப் பையன்களுக்கு வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். நிபந்தனை ஒன்றுதான். பேசியதை நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் அதே மரத்தடியில் வாபஸ் வாங்க வேண்டும். இன்று உட்கார்ந்து எழுதச் சொன்னாலும் அந்த விதியை அப்படியேதான் எழுதுவேன்.

ஜெயவேலு என் துறை மாணவன், ஹாஸ்டல் பையன். கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் போகாத ஒரு கல்குவாரிதான் ஊர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு வாய் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் எழுந்தான்.

“ஹாஸ்டல்ல நாங்க குடிக்கிறது கிணத்துத் தண்ணி இல்ல, கக்கூஸ் தண்ணி. புது கக்கூஸ் கட்டினதுலருந்து அந்தக் குழிதான் கிணத்துல கசியுது. நாத்தம் கீது. பசங்க வாந்தி எடுத்துகினு படுத்துக் கெடக்குறாங்க. கிணத்த மூடுங்க, வேற தண்ணி குடுங்க. அவ்ளோதான் கேக்குறோம்.”

பையன்கள் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் போய், நிரூபிக்கிறாயா என்று கேட்டேன்.

“லேப தொறந்து விடுங்க சார். நானே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்.”

“லேப் பாடத்துக்கு மட்டும்தான்பா” என்றேன். உண்மையில் விதி அப்படித்தான் இருந்தது.

ஆகவே அவன் நிரூபிக்கவில்லை. வாபஸ் வாங்கவும் மாட்டேன் என்றான். கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகச் சொல்லி, சஸ்பெண்ட் செய்து, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். நம் ஊர்க் கல்லூரிகளில் எந்த வழக்குக்கும் கடைசிப் படி அதுதானே. எந்தச் சட்டத்துக்கும் வளையாத பையன், அப்பா கைகட்டி நிற்பதைப் பார்த்ததும் வளைந்துவிடுவான்.

நான் கல்நெஞ்சன் இல்லை. என் நிலைமையையும் பாருங்கள். புது ஹாஸ்டல் கட்டடத்துக்கு அரசாங்கம் ஆள் அனுப்பிப் பார்வையிட இருந்த நேரம். கிணறு கெட்டது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஹாஸ்டலையே இழுத்து மூடிவிடுவார்கள். அத்தனை ஏழைப் பிள்ளைகளும் கல் உடைக்கவும் மாடு மேய்க்கவும் திரும்பிப் போயிருப்பார்கள். கக்கூஸ் குழிக்கு இடம் காட்டியவன் நான்தான் என்பதும், அடுத்த முதல்வர் நான்தான் என்று பேச்சு அடிபட்டதும் வேறு விஷயம். அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா வந்தார். பொன்னுரங்கம் என்று பெயர். துவைத்த சட்டைதான், ஆனால் கல் தூசி காதோரத்திலும் புருவத்திலும் அப்பிக் கிடந்தது. செருப்பை வராந்தாவுக்கு வெளியிலேயே விட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“புள்ள தெரியாம பேசிட்டான் சார். அவன் மேல போட்டத எடுத்துடுங்க. எங்க தெருவுலயே காலேஜ் வாசல மிதிச்சவன் அவன் ஒருத்தன்தான்.”

“நான் என்ன செய்வது, பொன்னுரங்கம்? தண்ணீர் கெட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நல்லது என்று எல்லார் முன்னாலும் தெரிய வேண்டாமா?”

அவர் யோசிக்கவே இல்லை. “அவ்ளோதானே சார். நான் குடிக்கிறேன்.”

அந்த யோசனை அவருடையது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்துவரச் சொன்னேன். பொன்னுரங்கம் குனிந்து இரண்டு கையையும் வாயோரம் குவித்து நின்றார். அவருடைய ஊரில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பவர்கள் எட்ட நின்று கையில் ஊற்றுவார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. ஸ்டாஃப் ரூமில் ஆசிரியர்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் மொண்டு என் கையாலேயே நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நைனா, வாணாம்” என்று ஜெயவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “குடிக்காத நைனா. நான் வாபஸ் வாங்கிக்கிறேன். சொன்னது தப்புன்னு சொல்லிடுறேன்.”

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். வாபஸ் கிடைத்துவிட்டதே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் பயந்து சொன்ன வாபஸுக்கு என்ன மதிப்பு? நான் நீட்டிய கையை மடக்கவில்லை.

“சார் தன் கையால குடுக்கிறார்டா. விஷமா குடுப்பாரு?” என்று மகனை அதட்டிவிட்டு அவர் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அவராகவே இன்னொரு டம்ளர் கேட்டார். தாகத்தினால் அல்ல. அந்த டம்ளரை இன்னொரு தடவை பிடித்துப் பார்க்கும் ஆசை என்றுதான் எனக்குப் பட்டது. அதையும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. சஸ்பென்ஷனை அன்றைக்கே ரத்து செய்தேன். சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். பொன்னுரங்கத்துக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, முற்றிய பிறகு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துபோனார். ஹாஸ்டலிலும் பல பேர் படுத்தார்கள். அவர்களில் ஒரு பையன் பிழைக்கவில்லை. கிணற்றை மூடினார்கள். குவாரிக்காரர்கள் எந்தக் குட்டையில் வேண்டுமானாலும் குடிப்பவர்கள், எந்தத் தண்ணீரால் வந்தது என்று யார் சொல்ல முடியும் என்று அப்போது விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஜெயவேலு படிப்பை விட்டுவிட்டான். டி.சி.யில் நடத்தை ‘நன்று’ என்று நானே எழுதிக் கொடுத்தேன். போன வருடம் மேற்குத் தாம்பரத்தில் நான் கைகாட்டி நிறுத்திய ஆட்டோவை அவன்தான் ஓட்டிவந்தான். “நல்லா கீறீங்களா சார்” என்றான். வீடு வரும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு நன்றாகப் பேசிய பையன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்க நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். ஜெயவேலு பேசிய மறுநாள், விடுமுறையில், லேபைத் திறந்து அந்தத் தண்ணீரை நானே சோதித்தேன். கழிவு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும் ஒரு கரைசல் உண்டு. இரண்டாம் வருஷப் பையனுக்கே தெரிந்த சோதனைதான். சொட்டு விட்டதுமே மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பானது. சோதனைக் குழாயைத் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தத் திங்கட்கிழமைதான் இந்தப் பாட்டிலை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன்.

ஆனால் அந்த மனிதரை நான் அவமதித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டம்ளரில் டீக் கறை இருந்தது. அப்படியே நீட்ட எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டிலிலிருந்து வீட்டுத் தண்ணீரை ஊற்றி, நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வாளியில் விட்டு மொண்டேன்.