நாலாவது வரி

தரமணியில் ரயில் ஏறிய இரண்டு மாணவிகள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பொருளாதாரக் கருத்தரங்கின் அட்டை இருவர் கழுத்திலும் தொங்கியது.

“அவ்ளோ பெரிய புரொஃபசர் உன்னைப் பார்த்துக் கை கூப்பினாங்கடி,” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“அவங்க காட்டின கணக்குல நாலாவது வரி எப்படி வந்துதுன்னு புரியல. அதான் கேட்டேன்,” என்றாள் மற்றவள்.

“சிரிச்சுக்கிட்டேதான் போர்டுகிட்ட போனாங்க. எழுதினாங்க, அழிச்சாங்க, மறுபடி எழுதினாங்க. அப்புறம் மார்க்கரை மூடி வெச்சுட்டு, ‘இந்த வரி தப்பு. இதை நம்பி நான் எழுதின புக்கும் தப்பு’ன்னாங்க பாரு, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.”

“நான் திட்டு விழும்னு நடுங்கிட்டிருந்தேன்.”

“திட்டவா செஞ்சாங்க? ‘நீ வா, ரெண்டு பேருமா சேர்ந்து சரி பண்ணலாம்’னாங்க. உன்னைடி!”

மந்தைவெளி நெருங்கும்போது கேள்வி கேட்டவளின் போன் அடித்தது.

“வந்துண்டிருக்கேம்மா. நாளைக்கும் தரமணி போகணும். புரொஃபசர் என்னை…”

அவள் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி போனை வாங்கிக்கொண்டாள்.

“ஆன்ட்டி, பயப்படாதீங்க. சந்தோஷத்துலதான் அழறா.”