மோனோபிளாக்கின் கடைசிப் பாட்டு

மனோஜ்குமார் தங்கமான பையன். தொந்தரவே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

என் பெயர் பாலகோபால். பீளமேட்டில் அப்பாவின் மோட்டார் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ளாத நேரத்தில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். எது அதிகம் என்று அப்பாவைக் கேட்காதீர்கள். கம்பெனியின் பழைய ஷெட்டில்தான் எங்கள் பேண்டு பிறந்தது. அங்கே செய்கிற கிணற்று மோட்டாரின் பெயரையே அதற்கும் வைத்தோம், மோனோபிளாக் என்று. இந்தத் தொண்ணூற்றாறில் ஊரே கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஃபங்க்கும் புளூஸும் தமிழில் போட்டு முதல் ஆல்பம் கொண்டுவரப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

ஃபங்க் பாட்டுகள் சுலபமாக முடிந்தன. கேட்கிறவன் இடுப்பு ஆடினால் போதும். புளூஸ் அப்படியில்லை, பாடுகிறவன் மனசு நொந்திருக்க வேண்டும். எங்கள் பாடகர் மனோஜ் தாராபுரத்துக்காரர். தென்னந்தோப்பு, பாசமான அப்பா அம்மா, போதாக்குறைக்குச் சண்முகப்பிரியாவோடு நிச்சயம் வேறு ஆகியிருந்தது. முகத்தில் எந்நேரமும் ஒரு இளிப்பு. நான் எழுதிய வரி, ‘கதவச் சாத்திட்டுப் போனவளே’. அவர் பாடியது, ‘கதவச் சாத்திட்டுப் போனீங்களே’.

“உட்டுப்போட்டு ஓடுனவளுக்கு என்ன தம்பி மரியாதை?” என்றேன்.

“பாடறப்ப பிரியா மொகம் வருதுங்கண்ணா. வா போன்னு எப்படிங்க பாடறது?”

அன்று முழுவதும் பாடிப் பார்த்தார். துடியலூர் ஸ்டூடியோக்காரர் ஐயாசாமி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, “குடியிருந்தவங்க ஊட்டக் காலி பண்ணிப் போன மாதிரி இருக்குதுங்க” என்றார். எனக்கு மானம் போனது. இந்தப் பையனுக்குக் கொஞ்சம் சோகம் தேவை என்று அப்போதுதான் தோன்றியது. அளவாக, ஒரு ஆல்பத்துக்கு மட்டும்.

கவுண்டர் வீடுகளில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்க மாட்டார்கள். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. மனோஜ் வீடு ஒரு கூட்டம், பிரியா வீடு வேறு. எல்லாம் விசாரித்துத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். நாங்கள் நாயுடு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மனோஜின் தாத்தா சின்ன வயதிலேயே பவானிப் பக்கமிருந்து தாராபுரம் வந்தவர், அங்கே சொந்தமென்று இப்போது யாரும் இல்லை என்று மனோஜே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

பிரியாவின் தாய்மாமன் காளிச்சாமி எங்கள் கம்பெனிக்கு மோட்டார் பார்க்க வந்தார். உட்காரவைத்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.

“ஏனுங்க, மனோஜோட தாத்தா சுவீகாரம் போனவருங்களாமே? பொறந்தது உங்க பிரியா அம்மணி கூட்டத்துலீங்களா?”

“ஆருங்க சொன்னது?”

“சும்மா காதுல உழுந்ததுங்க. நமக்கெதுக்கு? டீயக் குடிங்க.”

கவனித்துப் பாருங்கள், இதில் நான் எதையும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். தாத்தா சுவீகாரம் போகவில்லை என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. காளிச்சாமி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

பவானிக்கு ஆள் போனது. அங்கே ‘இல்லை’ என்று அடித்துச் சொல்ல யாரும் உயிரோடு இல்லாததால், ‘இருக்கும்’ என்று முடிவானது. நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. போகும்போது ‘போயிட்டு வாரோமுங்க’ என்றுகூடச் சொல்லிக்கொண்டார்களாம். மனோஜுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பிரியாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். அதுவரை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டு, “நல்லாருக்கீங்களாண்ணா?” என்று கேட்டிருக்கிறாள்.

அதைச் சொல்லிவிட்டு மனோஜ் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது. நானொன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. மறுநாள் காலையிலேயே அவரைத் துடியலூருக்குக் கூட்டிப்போனேன்.

‘போனவளே’ என்றுதான் பாடினார். ஐயாசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்குப் பேஸில் விரல் ஓடவில்லை. அடுத்தடுத்துப் பாட்டுகளைப் பிய்த்து உதறினார். கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கடைசிப் பாட்டு பாக்கி இருக்கிறதே. அதற்குள் மனோஜ் வீட்டில் நந்திதா என்று வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். மனோஜும் அப்பா அம்மா மனசு நோகக்கூடாதென்று தலையாட்டிவிட்டார். சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. பழைய இளிப்பு எட்டிப் பார்த்தது. ஷெட்டில் ஒத்திகை பார்த்தபோது, ‘செத்துப்போறேன்டி’ என்ற என் வரி, ‘செத்துப்போறேனுங்க’ என்று வந்தது.

போன வாரம் காளிச்சாமி மறுபடி கம்பெனிக்கு வந்தார். பேச்சு மனோஜ் கல்யாணத்துக்குப் போனது. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளை பக்கத்தில் அவர் தங்கை பட்டுக் கட்டி உட்கார்ந்து அந்தச் சீரைச் செய்ய வேண்டும். மனோஜ் ஒற்றைப் பிள்ளை. யாரை உட்காரவைப்பார்களோ என்று காளிச்சாமி கவலைப்பட்டார். நான் இன்னொரு கேள்வி கேட்டேன்.

“ஏனுங்க, தங்கச்சி முறையாயிட்ட பிரியா அம்மணி இருக்கறப்ப எதுக்குங்க வேற ஆளு?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நல்ல ரோசனைங்க. ரெண்டு ஊட்டு மனசும் ஆறிப்போயிருமுங்க” என்றார். இந்த முறை டீயைக் குடித்தார்.

நேற்று மனோஜ் ஷெட்டுக்கு ஓடிவந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

“என்னால முடியாதுங்கண்ணா. பிரியா எம்பக்கத்துல தங்கச்சின்னு உக்காந்தா நான் செத்தே போயிருவனுங்க. காளிச்சாமி மாமங்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. நீங்க சொன்னாக் கேப்பாருங்க.”

கேட்பார்தான். சுவீகாரக் கதை டீ ஊற்றும்போது நானாகக் கட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நந்திதாவுக்கும் இன்னும் தாலி ஏறவில்லை, எல்லாம் சரியாகிவிடும். மனோஜ் என்னைத் தவிர வேறு யாரையும் நம்பி வரவில்லை. அந்தப் பையனுக்கு நான் துரோகம் செய்வேனா? பேசுகிறேன் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்து அனுப்பியிருக்கிறேன்.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. கடைசிப் பாட்டுக்குச் சனிக்கிழமை ஸ்டூடியோவைப் பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.