இல்லாதவன் மந்திரம்

சிரிப்பு மந்திரம் எழுதுவது நீங்கள் நினைக்கிற மாதிரி லேசான வேலை இல்லை.

ஞாயிறு பின்னேரங்களில் வேலணையில் என் வீட்டு மேசையைச் சுற்றி நாலு பேர் இருப்போம். தாயக்கட்டை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு. ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வீரன், எதிரே பூதங்கள். கதை சொல்லுகிறவன் நான். புத்தகத்தில் இருந்த மந்திரங்கள் எல்லாம் நெருப்பும் இடியும்தான். அதனால் எங்களுக்கென்று நானே எழுதினேன். 'பஸ் கொண்டக்டர் சாபம்' பட்ட பூதம் சண்டையை மறந்து, "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு" என்று மூன்று சுற்றுக்குக் கத்தும். இப்படி நாற்பத்தொன்று. லக்சிகா புன்னகைப்பாள். துஷ்யந்தன் தலையாட்டுவான். ஷாருஜன் வாய்விட்டுச் சிரிப்பான். அவன் எதற்கும் சிரிக்கிறவன் என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஷாருஜன் ஊர்காவற்றுறையில் தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். ஒருநாள் தானும் ஒன்று எழுதிக்கொண்டு வந்தான். 'வெளிநாட்டு மாமா'. மாமா சூட்கேசோடு வந்திறங்கி, வெயிலையும் நுளம்புக் கடியையும் குறை சொல்லத் தொடங்குவார். கேட்க ஏலாமல் பூதம் ஊரைவிட்டே போய்விடும். லக்சிகா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு 'இல்லாதவன்' மந்திரத்தை அவன்மேல் போட்டேன். அது பட்டவன் மற்றவர்களுக்கு இல்லை. அவன் என்ன சொன்னாலும் ஒருவரும் பதில் சொல்லக்கூடாது. போட்டவன் "வா" என்றால்தான் தீரும். எத்தனை சுற்று என்று நான் எழுதவில்லை. மந்திரக் கொப்பியில் எழுதியதை ஒருவரும் மீறுவதில்லை என்பது எங்கள் பழக்கம். போனில் எங்கள் குழுவிலும் இது செல்லும் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், அவனும் சிரித்துக்கொண்டே.

அந்தக் கிழமை அவன் எங்களைப் பேசவைக்கப் பார்த்தான். வீடு எரியுது என்று போட்டான். கலியாணம் சரிவந்திட்டுது என்று போட்டான். ஒருவரும் அசையவில்லை.

வியாழன் மத்தியானம், "எஞ்சின் நிண்டிட்டுது, வாடைக் காத்து இழுக்குது, ஆரும் சங்கத்துக்குச் சொல்லுங்கோ" என்று வந்தது. தகப்பன் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில். அவன் தனியேதான் போயிருந்தான். அவ்வளவு தூரத்தில் கோல் எடுபடாது, மெசேஜ் மட்டும் ஒருபடியாக வந்து சேரும். கடற்தொழில் சங்கத்தில் இருந்தது கோல் மட்டும் வருகிற போன், தாயிடம் போனே இல்லை.

லக்சிகா எனக்குக் கோல் எடுத்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்கா வா எண்டு சொல்லுமன்."

"மண்கும்பான் கரையில படுத்திருந்து சிரிப்பான். இப்ப சொன்னால் அவன் வெண்டிடுவான்," என்றேன். அவள் நம்பினாள். துஷ்யந்தனும் நம்பினான்.

பிறகு எனக்கு மட்டும் ஒன்று வந்தது. அவன் நிற்கிற இடத்தைக் காட்டும் புள்ளி. நெடுந்தீவுக்கும் மேற்கே, சுற்றிவரக் கடல். கீழே, "கீர்த்திகன் அண்ணை, சத்தியமா இது விளையாட்டில்லை. வா எண்டு சொல்லுங்கோ."

விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்தது. "வா" என்று எழுதினேன். அழித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மந்திரத்தை எழுதி முடித்தேன்.

நாலாம் நாள் வள்ளம் மட்டும் கிடைத்தது. அவன் தாய் மாக்கிறேற் அன்ரி என் வீட்டுக்கு வந்து, "உமக்கு ஏதும் அனுப்பினவனோ, தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவன் அனுப்பியதை அதற்கு முதலே போனில் இருந்து அழித்திருந்தேன். எல்லாம் தன் பிழை என்று லக்சிகா அழுதபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, அவர்களைத் தேற்றுவதற்காகத்தான் கூப்பிட்டேன். மூன்று பேரும் இருந்தோம். அந்த வியாழன் எழுதி முடித்த மந்திரத்தை வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல மந்திரம் அது. ஷாருஜன் இருந்திருந்தால் கட்டாயம் சிரித்திருப்பான்.