மை படாத விரல்

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் எலியோதோரோ அவர்களே! என் வள்ளிக்கிழங்குக் கொடியை மேய்ந்த உங்கள் எருமையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் முதல் வணக்கம் உங்களுக்கே. மழைக்கு முந்தி வந்து இடம் பிடித்த பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஆற்றுக்கு இக்கரையில் பிறந்த ஒரே குற்றத்துக்காக ஆயுள் முழுக்கப் படகுக்குக் காத்துக் கிடக்கும் தபுனான் மக்களே, வணக்கம்!

நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நம் மாகாணத்தின் இரண்டாம் தொகுதிக்கு யார் யார் பிரதிநிதி என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன். எண்பத்தேழில் தொகுதி பிறந்தது. முதல் பிரதிநிதி பால்தோமெரோ சால்தேவார். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவரே இருக்கக்கூடாது என்றது சட்டம். அடங்கினாரா? மனைவி ரமோனாவை நிறுத்தினார்! அம்மாளுக்கு மூன்று முறை முடிந்தது, மறுபடியும் ஐயா. ஐயாவுக்கு முடிந்தது, மகன் ரெனாட்டோ. மகனுக்கும் முடிந்தது. இப்போது யார்?

யாரது அங்கே, "மருமக!" என்பது? சரியாகச் சொன்னாய். அந்த வீட்டில் இன்னும் தேர்தலில் நிற்காதது நாய் ஒன்றுதான்!

பாலம் என்ன ஆயிற்று? ஐயா அடிக்கல் நாட்டினார். அம்மாள் அந்தக் கல்லுக்கு வெள்ளையடித்தார். மகன் அதில் தன் பெயரை எழுதினார். கல்லுக்கு மூன்று முறை மாலை. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பலகை உண்டா?

ஒரே ஒருமுறை அவர்கள் நடுங்கினார்கள். தொண்ணூற்றிரண்டில் நம் மருத்துவச்சி பெலிசித்தாஸ் எதிர்த்து நின்றாள். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு இந்த ஆற்றில் இறங்கி இறங்கிக் கால் வீங்கியவள். பாலம் கட்டுவேன் என்றாள்; நம்பினோம். வாக்குப்பதிவுக்கு முந்தின மாலை, சால்தேவாரின் ஆள் தாசியோ படகில் வந்து இறங்கினான். ஒரு கையில் மைக்குப்பி. படகு நிறைய அரிசி மூட்டை.

"வாங்கிக்கோங்கக்கா. எங்களுக்கு ஓட்டுப் போடச் சொன்னேனா? இந்த மையில விரலை முக்குங்க, அவ்வளவுதான்."

"மை இருந்தா, போட்டாச்சுன்னு நாளைக்குச் சாவடியில துரத்திடுவாங்களேடா?"

"உங்க ஒரு ஓட்டுலயா உலகம் கவுந்துடப் போவுது? புள்ளைங்க வயிறாரத் திங்கட்டும்க்கா."

தபுனானில் முப்பத்தொரு விரல்கள் முங்கின. பெலிசித்தாஸ் பத்தொன்பது வாக்கில் தோற்றாள்! தொண்ணூற்றைந்தில் வெள்ளம் வந்தபோது அவள் படகு கிடைக்காமல் அக்கரையில் நின்று கத்தினாள். என் மகள் இக்கரையில் வலியெடுத்துக் கிடந்தாள். பிள்ளை அழவே இல்லை.

தாசியோவை நான் மன்னிக்கவில்லை. விரல் முக்கிய முப்பது பேரையும் பெயர் பெயராகத் தெரியும். தலையைக் குனியாதே புருதென்சியோ, இன்று சொல்லமாட்டேன். முப்பத்தொன்றாவது விரல் யாருடையது? இதோ, பாருங்கள்! என்னுடையது! அரிசி ஒன்பது நாளில் தீர்ந்தது. இந்த விரல்மேல் எனக்குள்ள கோபம் முப்பத்துமூன்று வருடமாகியும் தீரவில்லை!

இன்று பெலிசித்தாஸின் மகள் நொயேமி நிற்கிறாள். நாளை மறுநாள் திங்கட்கிழமை, வாக்குப்பதிவு. ஆகவே நாளை மாலை யார் வருவான்?

"தாசியோ!" என்கிறீர்கள். ஆமாம், கிழவனாகிவிட்டான், ஆனாலும் வருவான். பிரசவத்துக்குக் கிடைக்காத படகு அவன் மூட்டைக்குக் கிடைக்கும்.

"அரிசிய வாங்கிட்டு ஓடிடலாம் பாட்டி!" என்கிறானே ஒருவன்! வேண்டாமப்பா. ஒரு பிடி அரிசிகூட வேண்டாம். அடிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். ஊரே படித்துறையில் நிற்போம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் முன்னால் நிற்பேன். எந்த விரலை முக்குவான்? எவர் விரலை முக்குவான்?

எங்கே, உயர்த்துங்கள் விரல்களை! தென்னை மரத்தில் இருப்பவனே, நீ ஒரு கையால் பிடித்துக்கொள்! ஆகா, ஒன்றிலாவது கறை உண்டா? திங்கள் மாலை இதே விரல்கள் அத்தனையும் கறுத்திருக்க வேண்டும், சாவடி மையால்!

ஈரத்தில் நின்று கேட்டவர்களுக்கு நன்றி. எருமைக்காரத் தலைவருக்கும் நன்றி. நாளை படித்துறையில் சந்திப்போம். வணக்கம்!